ஆசிரியர் பயிற்சிப் படிப்பின் ஒப்படைப்புகளைச் செய்வது எப்படி: மாணவரின் விடையிலிருந்து தொடங்கும் ஒரு வழி

மருத்துவப் படிப்பில் சேருகிறவர் அதற்கு முன் அறுவை அரங்கினுள் நின்றிருக்க மாட்டார். ஆசிரியர் பயிற்சிப் படிப்பில் சேருகிறவரோ, தாம் செய்யப்போகும் தொழிலைப் பல்லாயிரம் மணிநேரம் பார்த்துவிட்டே வருகிறார். ஆண்டுக்கு 200 நாள், நாளுக்கு 5 மணிநேரம் என்று குறைத்துக் கணக்கிட்டாலும், 12 ஆண்டுப் பள்ளிப் படிப்பில் 12,000 மணிநேரம் ஆகிறது. அமெரிக்கச் சமூகவியலாளர் டேன் லார்ட்டி 1975-இல் இந்த நீண்ட பார்வையையே ஒருவகைத் தொழிற்பயிற்சி என்று குறிப்பிட்டு, அதன் குறையையும் சுட்டிக்காட்டினார். மாணவராக உட்கார்ந்து பார்த்தவருக்கு ஆசிரியர் பேசியதும் எழுதியதும் தெரியும். ஏன் அந்த எடுத்துக்காட்டைத் தேர்ந்தெடுத்தார், எந்த விடையைக் கேட்டுத் தம் திட்டத்தை மாற்றிக்கொண்டார், எதை வேண்டுமென்றே சொல்லாமல் விட்டார் என்பவை தெரிய வாய்ப்பில்லை. நல்ல ஆசிரியரைப் பார்த்துப் பழகியவரும் அவருடைய குரலையும் கையசைவையும்தான் கொண்டுவருகிறார். அவருடைய சிந்தனை அவரிடமே தங்கிவிடுகிறது.

பல்கலைக்கழகம் கேட்கும் ஒப்படைப்புகள் அந்தச் சிந்தனையைக் கற்றுத்தரவே இருக்கின்றன. உற்றுநோக்கல் பதிவேடு, பாடக்குறிப்பு, நுண்ணிலைக் கற்பித்தல், வினாத்தாள் தயாரிப்பு, தனியாள் ஆய்வு, கற்பித்தல் பயிற்சி நாட்குறிப்பு என்று பெயர்கள் பலவாக இருந்தாலும் அவை ஒரே வேலையின் பகுதிகள். ஆனால் எழுதப்படும் விதத்தைப் பார்த்தால், பெரும்பாலானவை ஆசிரியரின் பக்கத்திலிருந்தே எழுதப்படுகின்றன: நான் இதை விளக்குவேன், இந்தப் படத்தைக் காட்டுவேன், இந்த வினாவைக் கேட்பேன், மாணவர்கள் புரிந்துகொள்வார்கள். இறுதியில் வரும் அந்த 'புரிந்துகொள்வார்கள்' என்ற சொல்லுக்குப் பின்னால் எதுவும் இருப்பதில்லை. இந்தக் கட்டுரை பரிந்துரைக்கும் வழி, ஒவ்வோர் ஒப்படைப்பையும் எதிர்ப்பக்கத்திலிருந்து, அதாவது இந்தப் பாடத்தில் மாணவர் சொல்லக்கூடிய தவறான விடையிலிருந்தும் அந்த விடைக்கு அவர் வைத்திருக்கும் காரணத்திலிருந்தும் தொடங்குவதாகும்.

முதலில் ஒரு தவறு ஏடு

படிப்பு தொடங்கும் வாரத்திலேயே ஒரு தனிக் குறிப்பேட்டை எடுத்துக்கொள்ளுங்கள். பக்கத்தின் மேலே ஒரு வினா, அதன் கீழே மாணவர் தந்த விடை, அதற்கும் கீழே அந்த விடைக்கு அவரை அழைத்துச் சென்ற வழி. இதைத் தவறு ஏடு என்று வைத்துக்கொள்ளலாம். 8 + 4 = □ + 5 என்ற கணக்கில் கட்டத்துக்குள் என்ன வரும் என்று கேட்டால், 7 என்பதற்குப் பதிலாக 12 என்று எழுதும் குழந்தைகள் ஏராளம்; சிலர் எல்லாவற்றையும் கூட்டி 17 என்றும் எழுதுவார்கள். இவர்களுக்குக் கூட்டல் தெரியாமல் இல்லை. சமக்குறியை 'இதோ விடை' என்று அறிவிக்கும் குறியாகவே அவர்கள் எப்போதும் பார்த்திருக்கிறார்கள்; இரு பக்கமும் நிகர் என்று சொல்லும் குறியாக அதைச் சந்தித்ததே இல்லை. காரணத்தை எழுதிய மறுகணம் செய்ய வேண்டியதும் தெரிந்துவிடுகிறது: 12 = 8 + 4, 7 + 5 = 8 + 4 போன்ற வடிவங்களைக் குழந்தை முன்கூட்டியே பார்த்திருக்க வேண்டும்.

எல்லாப் பாடங்களிலும் இப்படிப்பட்ட விடைகள் உண்டு. செடி தன் உணவை மண்ணிலிருந்து உறிஞ்சுகிறது, கோடையில் பூமி சூரியனுக்கு அருகில் போகிறது, மின்விளக்கில் மின்னோட்டம் செலவாகித் தீர்ந்துவிடுகிறது என்பவை அறிவியலில் அடிக்கடி வருபவை. ஒவ்வொன்றும் குழந்தையின் அன்றாட அனுபவத்தோடு பொருந்தி நிற்கிறது. நெருப்பின் அருகே போனால் சுடுகிறது; ஆகவே கோடையில் நாம் நெருப்புக்கு அருகில் இருக்கிறோம். இந்த வாதத்தில் ஓட்டை எங்கே என்று அந்தக் குழந்தைக்குக் காட்டத் தெரியாதவர், அச்சின் சாய்வை எவ்வளவு அழகாக வரைந்து காட்டினாலும் பயன் குறைவு. பூமியின் ஒரு பாதியில் கோடையாக இருக்கும்போது மறுபாதியில் குளிர்காலம் நிலவுகிறதே, தூரம்தான் காரணம் என்றால் அது எப்படி முடியும் என்று கேட்பது அந்த வாதத்தை அதன் இடத்திலேயே சந்திக்கும் வினா.

1986-இல் லீ ஷுல்மன் எழுதிய கருத்து இங்கே நினைவுகொள்ளத்தக்கது. பாடத்தை அறிந்திருப்பது ஒரு வகை அறிவு, பொதுவான கற்பித்தல் முறைகளை அறிந்திருப்பது இன்னொரு வகை. இவ்விரண்டுக்கும் அப்பால், ஒரு குறிப்பிட்ட பாடப்பொருளைப் பிறர் கற்கும்படி வடிவமைக்கத் தெரிவது தனியானதோர் அறிவு என்றார் அவர். அந்தப் பாடப்பொருளை எது எளிதாக்குகிறது, எது கடினமாக்குகிறது, மாணவர்கள் எந்த முன்கருத்துகளோடு வருகிறார்கள் என்பவற்றை அதற்குள் அடக்கினார். தவறு ஏடு நிரம்ப நிரம்ப வளர்வது இந்த மூன்றாவது அறிவுதான்.

விடைகளைச் சேர்க்கப் பள்ளிக்குச் செல்லும் நாள்களைப் பயன்படுத்துங்கள். வகுப்பாசிரியரின் ஒப்புதலோடு திருத்திய குறிப்பேடுகளைப் பாருங்கள், பெயர்களைக் குறித்துக்கொள்ளாதீர்கள். அதைவிட நல்லது, இரண்டு மூன்று குழந்தைகளிடம் ஒரு கணக்கையோ ஒரு பத்தியையோ கொடுத்து, 'இதை எப்படிச் செய்தாய் என்று எனக்குச் சொல்' என்று கேட்டுவிட்டு, திருத்த வேண்டும் என்ற துடிப்பை அடக்கிக்கொண்டு கேட்பது. புதிதாக வருகிறவர்களுக்கு இதுவே மிகக் கடினமாக இருக்கிறது.

உற்றுநோக்கல் பதிவேடு

'ஆசிரியர் நன்றாகக் கற்பித்தார், மாணவர்கள் ஆர்வத்துடன் கவனித்தனர்' என்று எழுதப்பட்ட பதிவேடு எந்த வகுப்பைப் பற்றியும் இருக்கலாம். தீர்ப்பை விலக்கி, கண்டதையும் கேட்டதையும் எழுதுங்கள். ஒரு பாடவேளைக்கு ஒரே ஒரு கேள்வியை வைத்துக்கொள்ளுங்கள்: யார் யாரிடம் வினா கேட்கப்பட்டது? தவறான விடை வந்தபோது அடுத்த வாக்கியம் என்னவாக இருந்தது? கடைசி வரிசையில் இருக்கும் மாணவர் தம் குறிப்பேட்டில் என்ன எழுதினார்?

பல பல்கலைக்கழகங்கள் நெட் ஃபிளாண்டர்ஸ் வகுத்த வகுப்பறை இடைவினைப் பகுப்பாய்வைக் கற்பிக்கின்றன. 3 வினாடிக்கு ஒருமுறை, அந்நேரத்தில் நடப்பது 10 வகைகளுள் எது என்று ஓர் எண்ணால் குறிக்க வேண்டும். அவற்றுள் 7 வகை ஆசிரியர் பேச்சுக்கும், 2 மாணவர் பேச்சுக்கும், 1 அமைதிக்கோ குழப்பத்துக்கோ உரியவை. 10 நிமிடத்துக்கே 200 குறிகள் சேரும் என்பதால், வகை எண்களை மனப்பாடமாக அறிந்துகொண்ட பிறகே வகுப்புக்குச் செல்லுங்கள். வகுப்பு நேரத்தில் மூன்றில் இரண்டு பங்கு யாராவது பேசிக்கொண்டிருக்கிறார்கள் என்றும், அப்பேச்சில் மூன்றில் இரண்டு பங்கு ஆசிரியருடையது என்றும் ஃபிளாண்டர்ஸ் கண்டார். உங்கள் குறிகள் அதோடு ஒத்துப்போகின்றனவா என்று பார்ப்பது நல்ல பயிற்சி. ஆனால் அந்த முறைக்குப் பேச்சின் அளவு தெரியுமே தவிரப் பாடப்பொருள் தெரியாது. பிழையான விளக்கமும் சரியான விளக்கமும் அதில் ஒரே எண்ணைப் பெறும். எனவே அட்டவணையின் கீழே, அந்தப் பாடவேளையில் ஒரு மாணவர் சொன்ன ஒரு விடையையும் அதன் பின் நடந்ததையும் சொல்லுக்குச் சொல் எழுதிச் சேருங்கள். ஒப்படைப்பு உயிர்பெறுவது அந்தப் பத்தியில்தான்.

பாடக்குறிப்பைக் கடைசி வினாவிலிருந்து எழுதுதல்

பாடக்குறிப்புக்கு ஒவ்வொரு துறையும் தனக்கென ஒரு படிவம் வைத்திருக்கும். அவற்றுள் பலவற்றின் அடியில் இருப்பது ஹெர்பார்ட்டின் வழிவந்தவர்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டில் அமைத்த ஐந்து படிகள்: ஆயத்தம், வழங்கல், ஒப்பிட்டு இணைத்தல், பொதுமையாக்கல், பயன்படுத்தல். படிவத்தை மதித்து நிரப்புங்கள். ஆனால் அது அச்சிடப்பட்டிருக்கும் வரிசையில் நிரப்பாதீர்கள். பாடவேளையின் கடைசி 5 நிமிடத்தில் ஒவ்வொரு மாணவரும் தனியே விடையளிக்க வேண்டிய ஒரு வினாவை முதலில் எழுதுங்கள். அந்த வினாவுக்கு வரக்கூடிய தவறான விடைகளைத் தவறு ஏட்டிலிருந்து எடுத்து அருகில் எழுதுங்கள். பிறகுதான் நோக்கம், அதன் பிறகு செயல்பாடு, எல்லாவற்றுக்கும் இறுதியில் அறிமுகம்.

பதின்மப் பின்னங்களை ஒப்பிடும் பாடத்தை எடுத்துக்கொள்வோம். 0.5, 0.45 ஆகியவற்றுள் பெரியது எது என்பது கடைசி வினா என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு மாணவர் 0.45 என்கிறார், 45 என்பது 5-ஐவிடப் பெரியது என்பது அவர் காரணம். முழு எண்களில் அவருக்கு எப்போதும் கைகொடுத்த விதி அது. இன்னொருவர் 0.5 என்கிறார், விடை சரி. ஆனால் காரணம் கேட்டால், பத்தில் ஒரு பங்கு நூறில் ஒரு பங்கைவிடப் பெரியது, ஆகவே புள்ளிக்குப் பின் இலக்கம் குறைவாக உள்ள எண்ணே எப்போதும் பெரியது என்கிறார். இந்த ஒரே வினாவோடு நிறுத்திக்கொண்டால் இரண்டாமவருக்கு முழு மதிப்பெண் கொடுத்து அனுப்பிவிடுவோம். 0.3, 0.48 என்ற இணையையும் கேளுங்கள். இப்போது முதலாமவர் தவறான காரணத்தால் சரியான விடைக்கு வருகிறார், இரண்டாமவர் 0.3 என்று சொல்லி வெளிப்படுகிறார். மூன்றாவது வகையினர் இரு வினாக்களுக்கும் சரியாக விடையளிப்பார்கள், ஏனெனில் இலக்கங்கள் சமமாகும்வரை வலப்பக்கம் சுழியம் சேர்க்க வேண்டும் என்று அவர்களுக்கு யாரோ சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். அவர்களிடம் 0.3-க்கும் 0.4-க்கும் இடையில் ஏதேனும் எண் உண்டா என்று கேட்டால், இல்லை என்று சொல்பவர்கள் அவர்களுக்குள்ளும் இருப்பார்கள்.

மூன்று சிறு வினாக்கள், மூன்று வேறு மனநிலைகள். இப்போது நோக்கத்தை எழுதுவது எளிது. 'பதின்மப் பின்னங்களைப் பற்றி அறிந்துகொள்வர்' என்ற வாக்கியத்தை யாராலும் சோதிக்க முடியாது. ஒரு நோக்கத்தில் மாணவர் செய்யும் செயல், எந்தச் சூழலில் செய்கிறார் என்பது, எந்த அளவு எட்டினால் போதும் என்பது ஆகிய மூன்றும் இருக்க வேண்டும் என்று ராபர்ட் மேகர் 1962-இல் வலியுறுத்தினார். 'இலக்கங்களின் எண்ணிக்கை வேறுபடும் மூன்று இணைகளை எண்கோட்டின் உதவியோடு ஒப்பிட்டு, ஒவ்வொன்றுக்கும் காரணத்தை ஒரு வாக்கியத்தில் எழுதுவர்' என்ற நோக்கம் அந்த அளவுகோலுக்குப் பொருந்தி வருகிறது. செயல்பாடும் இதிலிருந்தே பிறக்கிறது: 0 முதல் 1 வரையுள்ள நீளமான தாள் பட்டையைப் பத்தாக மடித்து, அதில் ஒரு பங்கை மீண்டும் பத்தாகப் பிரித்து, 0.45 எங்கே விழுகிறது என்று கையால் தொட்டுக் காட்டச் செய்வது. துணைக்கருவி என்ற கட்டத்தில் வண்ணப்படங்களை அடுக்குவதைவிட இந்த ஒரு தாள் பட்டை மேலானது.

கற்றல் நோக்கங்களைச் சிந்தனை நிலைகளாகப் பிரிக்கும் புளூமின் வகைப்பாட்டைப் பற்றி ஒரு சொல். 1956-இல் வெளிவந்து 2001-இல் ஆண்டர்சன், கிராத்வோல் ஆகியோர் தலைமையில் திருத்தப்பட்ட அந்த ஆறு படிகள், நினைவுகூர்தல் முதல் படைத்தல் வரை, எல்லாப் பாடக்குறிப்புகளிலும் தலைகாட்டுகின்றன. ஒரே பாடவேளையில் ஆறையும் நிரப்ப வேண்டும் என்று நினைப்பவர்கள் ஒவ்வொன்றுக்கும் ஒரு வினைச்சொல்லை ஒட்டவைக்கிறார்கள். அன்றைய பாடத்துக்குத் தேவையானது இரண்டு படி என்றால் இரண்டை மட்டும் எழுதி, ஏன் என்று ஒரு வரி சேர்ப்பது நேர்மையானது. அந்த வகைப்பாடு உண்மையில் கைகொடுப்பது வினாத்தாள் வடிவமைப்பு அட்டவணையில்: வினாக்களில் எத்தனை வெறும் நினைவைக் கேட்கின்றன என்று எண்ணிப் பார்த்தால், எழுதியவருக்கே அது வியப்பாக இருக்கும்.

கரும்பலகைத் திட்டத்தையும் ஒரு கட்டமாக வரைந்து இணையுங்கள். பாடவேளை முடியும்போது பலகை எப்படி இருக்கும், மாணவர்கள் சொன்ன விடைகளுக்கு எந்த இடம் ஒதுக்கப்பட்டிருக்கிறது, எது அழிக்கப்படாமல் இறுதிவரை நிற்கும் என்பதைக் காட்டினால் போதும். ஜப்பானிய ஆசிரியர்கள் இதற்குப் பான்ஷோ என்று ஒரு சொல்லே வைத்திருக்கிறார்கள். ஒரு பாடத்தின் சிந்தனைப் போக்கு முழுவதும் பலகையில் ஒருசேரத் தெரிய வேண்டும் என்பது அதன் அடிப்படை.

நுண்ணிலைக் கற்பித்தல்

1963-இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் டுவைட் ஆலனும் அவருடைய குழுவினரும் உருவாக்கிய இந்தப் பயிற்சியில், சில நிமிடப் பாடத்தை, சில மாணவர்களுக்கு, ஒரே ஒரு திறனை மையமாக்கிக் கற்பித்து, பின்னூட்டம் பெற்று, திருத்தி மீண்டும் கற்பிக்க வேண்டும். மீண்டும் கற்பித்தல் என்ற அந்தக் கடைசிப் பகுதியை நேரமில்லை என்று விட்டுவிடுவது பல இடங்களில் வழக்கமாகிவிட்டது. அதை விட்டால் எஞ்சுவது ஒரு மேடைப் பேச்சு மட்டுமே. ஆகையால் இரண்டு திறன்களை ஒருமுறை செய்வதற்குப் பதிலாக ஒரு திறனை இருமுறை செய்ய அனுமதி கேளுங்கள்.

மாணவர்களாக நடிக்கும் உடன்பயிலும் தோழர்கள் எல்லா வினாக்களுக்கும் சரியான விடையைச் சொல்லி உங்களுக்கு உதவுவதாக நினைப்பார்கள். அவர்களுக்குத் தவறு ஏட்டின் பக்கங்களைக் கொடுங்கள். 'நீங்கள் 45 பெரியது என்று நம்புகிறவர், எளிதில் ஒப்புக்கொள்ள வேண்டாம்' என்று ஒருவரிடமும், 'இலக்கம் குறைந்தால் எண் பெரியது என்பது உங்கள் விதி' என்று இன்னொருவரிடமும் முன்பே சொல்லிவையுங்கள். பயிற்சி உடனே மெய்யாகிவிடும்.

திறன்களுள் ஒன்றை மட்டும் தேர்ந்தெடுக்கச் சொன்னால், வினாவுக்குப் பின் காத்திருத்தலையே நான் தேர்ந்தெடுப்பேன். மேரி பட் ரோ 1970-களில் வெளியிட்ட ஆய்வுகளில், ஆசிரியர்கள் வினா கேட்டுவிட்டுச் சராசரியாக ஏறத்தாழ 1 வினாடியே காத்திருக்கிறார்கள் என்று கண்டார். அதை 3 வினாடி அல்லது அதற்கு மேல் நீட்டியபோது விடைகள் நீண்டன. விடையே வராத தருணங்கள் குறைந்தன. பின்தங்கியவர்கள் என்று கருதப்பட்டவர்களும் அதிகம் பேசினார்கள். வினாவுக்குப் பின் மட்டுமன்று, மாணவர் விடை சொல்லி முடித்த பின்னும் அதே அளவு பொறுக்க வேண்டும் என்பது அவர் ஆய்வின் முக்கியமான, ஆனால் பலரும் மறந்துவிடும் பகுதி. உங்கள் பாடத்தை ஒலிப்பதிவு செய்து, கடிகாரத்தை வைத்துக்கொண்டு இந்த இரு இடைவெளிகளையும் அளந்து, முதல் முறைக்கும் இரண்டாம் முறைக்கும் உள்ள வேறுபாட்டை அட்டவணையாக்கி ஒப்படையுங்கள். 3 வினாடி என்பது வகுப்பின் முன் நிற்பவருக்கு மிக நீளமாகத் தெரியும். மனத்துக்குள் எண்ணிப் பழகுவதைத் தவிர அதற்கு வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

உளவியல், கல்விக் கோட்பாட்டுத் தாள்கள்

இவற்றில் செய்ய வேண்டியது குறைவுதான்: படித்ததை மறுபடி எழுதாமல், ஒரு கோட்பாட்டை ஒரு மாணவரின் ஒரு விடையோடு மோதவிடுங்கள். உளவியலாளர் வைகாட்ஸ்கியின் அண்மை வளர்ச்சி மண்டலத்தைப் பற்றி எழுதுகிறவர், ஒரு குழந்தை தனியே செய்ய முடியாததை எந்தக் குறிப்பைக் கொடுத்ததும் செய்தது என்பதைக் காட்டினால், வரையறையை மூன்று பக்கம் விரிப்பதைவிடத் தெளிவாக இருக்கும். கற்பவர் தாமே செய்யும்வரை கொடுத்துப் பின் விலக்கிக்கொள்ளும் உதவியைக் குறிக்கும் சாரக்கட்டு என்ற உவமையை வைகாட்ஸ்கியே சொன்னதாக எழுதுவது பரவலான பிழை. அவர் 1934-இல் மறைந்தார், கற்பித்தலில் அந்தச் சொல்லைக் கொண்டுவந்தவர்கள் 1976-இல் எழுதிய வுட், புரூனர், ராஸ் ஆகிய மூவர். அதுபோல, ஒவ்வொரு மாணவரும் காட்சிவழியிலோ செவிவழியிலோ செயல்வழியிலோ கற்பவர் என்று பிரித்து, அதற்கேற்பக் கற்பித்தால் அடைவு உயரும் என்று எழுதாதீர்கள். 2008-இல் பாஷ்லரும் உடன் ஆய்வாளர்களும் அதுவரை வந்த ஆய்வுகளைப் பரிசீலித்து, அக்கூற்றுக்குப் போதிய சான்று இல்லை என்று காட்டினார்கள். படம், பேச்சு, செயல் ஆகியவற்றைப் பாடப்பொருளின் தேவைக்கேற்ப எல்லாருக்கும் பயன்படுத்துவதே சரி. பதின்மப் பின்னத்துக்கு எண்கோடு எல்லாருக்கும் வேண்டும், கவிதையின் ஓசையை எல்லாரும் காதால் கேட்க வேண்டும்.

கற்பித்தல் பயிற்சிக் காலத்து நாட்குறிப்பு

பள்ளியில் வகுப்பெடுக்கும் வாரங்களில் களைப்பு மிகுதியாக இருக்கும். நாட்குறிப்பை வார இறுதிக்கு ஒத்திவைத்தால் எல்லா நாளும் ஒன்றுபோலத் தோன்றும். அன்று மாலையே 10 நிமிடம் ஒதுக்குங்கள். நீங்கள் எதிர்பார்க்காத ஒரு விடை, அதற்கு நீங்கள் அந்தக் கணத்தில் சொன்ன மறுமொழி, இப்போது யோசித்தால் சொல்லியிருக்கக்கூடிய மறுமொழி, இம்மூன்றும் போதும். 'இன்று நேர மேலாண்மை சரியில்லை' என்ற வாக்கியம் நாளைக்கு எதையும் மாற்றாது. 'தாள் பட்டையை மடிக்க 5 நிமிடம் என்று எண்ணினேன். 12 நிமிடம் ஆயிற்று. பத்தாக மடிப்பது கைகளுக்குக் கடினம் என்பதை நான் வீட்டில் ஒருமுறை மடித்துப் பார்த்திருந்தாலே அறிந்திருப்பேன். நாளை மற்றப் பிரிவுக்குக் கோடிட்ட பட்டையைக் கொண்டுசெல்வேன்' என்ற குறிப்பு நாளைய வகுப்பை மாற்றும்.

வழிகாட்டும் பேராசிரியர் உங்கள் வகுப்பைப் பார்க்க வரும் நாளில், மிகச் சிறப்பாக ஒத்திகை பார்த்த பாடத்தை நடத்தவே மனம் விரும்பும். அது இயல்பு. ஆனால் நீங்கள் தடுமாறும் பாடத்தைக் காட்டினால்தான் அவருடைய கண் உங்களுக்குப் பயன்படும். வருவதற்கு முன்பே, 'இன்று தவறான விடை வரும்போது நான் என்ன செய்கிறேன் என்பதை மட்டும் குறித்துத் தாருங்கள்' என்று கேட்டுவையுங்கள். பார்வைக்குப் பின் நடக்கும் உரையாடல் மதிப்பெண்ணைச் சுற்றாமல் பாடத்தைச் சுற்றி நிற்கும்.

குழந்தைகளின் எழுத்தை ஒப்படைப்பில் சேர்க்கும்போது பெயரையும் முகத்தையும் நீக்குங்கள். ஒலி, ஒளிப்பதிவுக்குப் பள்ளியிடமும் பெற்றோரிடமும் எழுத்து வழியில் ஒப்புதல் பெறுங்கள். தேவை முடிந்ததும் பதிவை அழித்துவிடுங்கள். எல்லாவற்றையும் தொகுத்துக் கட்டும் நாளில், மதிப்பெண் பெற்ற கோப்புகளைத் துறையிடம் கொடுத்துவிட்டு, தவறு ஏட்டை மட்டும் உங்களோடு எடுத்துச் செல்லுங்கள். வேலையில் சேர்ந்த முதல் வாரத்தில் பதின்மப் பின்னமோ பருவகாலமோ நடத்த நேரும்போது திறக்க வேண்டியது அதைத்தான். அதில் இன்னும் காலிப் பக்கங்கள் இருக்கும்படி தடிமனான ஏடாக வாங்கிக்கொள்ளுங்கள்.